புறநகர் மாடிக்கு ஏற்ற ஆறு அங்குலத் தொலைநோக்கி

தொலைநோக்கி வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?" என்றுதான். இது விற்பவர்களுக்கும் தெரியும். அதனால் 525 மடங்கு, 675 மடங்கு என்று பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்துவிடுகிறார்கள். உண்மையில் கேட்க வேண்டியது, ஒளி நுழையும் வாய் எவ்வளவு அகலம் என்பது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு, அதுதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் உச்சவரம்பு. 60 மி.மீ. லென்ஸ் கொண்ட கருவியை 120 மடங்குக்கு மேல் கொண்டுபோனால் மங்கல்தான் பெரிதாகும். இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால், புறநகர் வீட்டு மொட்டை மாடிக்கு முதல் தொலைநோக்கியாக நான் தயங்காமல் சொல்வது 6 அங்குல டாப்சோனியன், அதாவது பலகை அடித்தளத்தில் வைத்துக் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி. தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு மாடியில், 2026 மாசி மாத வளர்பிறை அட்டமி மாலையில் அதை வைத்துப் பார்த்தேன்.

கருவி

பல நிறுவனங்கள் இதை ஏறக்குறைய ஒரே அளவில் தயாரிக்கின்றன. அடியில் 150 மி.மீ. விட்டமுள்ள குழியாடி, 1200 மி.மீ. குவியத் தொலைவு, கூடவே 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்கள். முதலாவது 48 மடங்கும் இரண்டாவது 120 மடங்கும் தரும். இருட்டில் 7 மி.மீ. வரை விரியும் கண்மணியோடு ஒப்பிட்டால், இந்த ஆடி 450 மடங்குக்கும் அதிகமான ஒளியைத் திரட்டுகிறது.

இந்த வடிவத்தை உலகுக்குத் தந்த ஜான் டாப்சன், சான் பிரான்சிஸ்கோவில் ராமகிருஷ்ண இயக்கத்தின் மடத்தில் சேர்ந்து 23 ஆண்டுகள் துறவியாக இருந்தவர். கழித்துப்போட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்தே ஆடி செய்தார். 1968-இல் அவர் பங்கேற்றுத் தொடங்கிய அமைப்பு, நடைபாதையில் போவோர் வருவோருக்கெல்லாம் வானத்தைக் காட்டியது. சாமானியருக்கு எட்ட வேண்டும் என்ற அந்த நோக்கம் இன்றைய கருவியிலும் தெரிகிறது. மோட்டார் கிடையாது, பல்சக்கரம் கிடையாது. கொடுக்கும் காசில் பெரும்பகுதி ஆடிக்கே போகிறது.

மாடிக்கு ஏற்றுவது

எல்லாம் சேர்த்துச் சுமார் 16 கிலோ. நான்கடிக் குழாயைத் தனியாகவும் பலகை அடித்தளத்தைத் தனியாகவும் இரண்டு நடையில் ஏற்றிவிடலாம். தரையில் வைத்து, மேலே குழாயைப் பொருத்தினால் வேலை முடிந்தது.

ஈக்வடோரியல் தாங்கியோடு வரும் கருவிகளை நம் ஊர்க்காரர்களுக்கு நான் பரிந்துரைக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அவற்றின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித் திருப்ப வேண்டும். சென்னையின் அட்சரேகை 13 பாகை. ஆகவே துருவ நட்சத்திரமும் வடக்கே 13 பாகை உயரத்தில்தான் நிற்கும். தென்புறநகரிலிருந்து பார்த்தால் அது பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் இருக்கும், இல்லையென்றால் நகரத்து வெளிச்சத்தில் கரைந்திருக்கும்.

வைக்கும் இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தெருவிளக்கு நேரே கண்ணில் அடிக்காதபடி, கைப்பிடிச் சுவரின் நிழல் விழும் மூலைதான் சரியான இடம். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட், இருட்டிய பிறகும் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காற்றின் ஊடே பார்த்தால் கோள்களின் விளிம்பு நெளியும். கூர்மையான காட்சி வேண்டுமென்றால் ஒன்பது மணி வரை பொறுப்பது நல்லது. ஆடியும் அதற்குள் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வந்துவிடும்.

என்ன தெரிந்தது?

வான் இருட்டை 1 முதல் 9 வரை தரம்பிரிக்கும் அளவுகோல் ஒன்றை ஜான் போர்ட்டில் 2001-இல் வெளியிட்டார். 1 என்றால் மாசற்ற இருள், 9 என்றால் மாநகரின் நடு. நான் நின்ற மாடிக்கு 7 கொடுக்கலாம். பால்வீதி அறவே இல்லை. ஆனால் ஒளி மாசு எல்லாவற்றையும் ஒரே மாதிரி பறிப்பதில்லை. பளிச்சென்று ஒளிரும் பொருள்களை அது தொடுவதே இல்லை.

முதல் சான்று நிலவு. அட்டமியன்று ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு நிலவின் நடுவே ஓடும். 120 மடங்கில் அந்தக் கோட்டை ஒட்டி டாலமியஸ், அல்போன்சஸ், அர்சாகெல் என்ற மூன்று பெரும்பள்ளங்கள் வரிசையாக நின்றன. 1965-இல் ரேஞ்சர் 9 விண்கலம் மோதியது அல்போன்சஸின் உள்ளேதான். தெற்கு விளிம்பை ஒட்டி, சந்திரயான்-3 இறங்கிய வட்டாரத்தையும் அடையாளம் காட்ட முடிந்தது. லேண்டர் தெரியுமா என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். தெரியாது. இந்த ஆடி நிலவில் பிரித்தறியக்கூடியது, நல்ல காற்றிலும் ஒன்றரை கிலோமீட்டர் அளவை ஒட்டியவற்றை மட்டும்தான்.

அடுத்தது மிதுனத்தில் நின்ற வியாழன். ஜனவரியில் சூரியனுக்கு எதிர்நிலைக்கு வந்து பூமியை நெருங்கிப் போயிருந்ததால் இன்னும் பெரிதாகவே இருந்தது. பார்த்தவுடன் தெரிவது ஒரு வெள்ளை வட்டும் பக்கத்தில் நேர்கோட்டில் நிலாக்களும்தான். கண்ணை எடுக்காமல் இரண்டு நிமிடம் பார்த்தால், காற்று அடங்கும் நொடிகளில் வட்டின் குறுக்கே இரண்டு பழுப்புப் பட்டைகள் திடீரென்று துலங்கும், மறுபடி கலங்கும். பழகப் பழக அந்தத் தெளிவான நொடிகளைப் பிடிக்கக் கண் கற்றுக்கொள்கிறது. பக்கத்திலேயே புனர்பூசத்தின் கேஸ்டர், ஒற்றை நட்சத்திரமாக நுழைந்து இரண்டாகப் பிரிந்தது.

ஓரியன் நெபுலாவிடம்தான் புறநகரின் கை ஓங்கியது. நடுவிலுள்ள நான்கு நட்சத்திரக் கொத்து 48 மடங்கிலேயே தெளிவு. சுற்றியுள்ள வாயுமேகமோ, புகைப்படத்தில் விரியும் சிறகுகளை இழந்து, சாம்பல் நிறப் படலமாகச் சுருங்கியிருந்தது. நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்தால் கொஞ்சம் விரியும். அமாவாசையை ஒட்டிப் பார்த்தால் இன்னும் மேல். ஆந்த்ரமேடா விண்மீன் மண்டலமோ வடமேற்கே தாழ்ந்து, நடுப்புள்ளியின் மங்கல் மட்டுமாக மிஞ்சியது.

குறைகள்

பூமி சுழல்வதால், 120 மடங்கில் வியாழன் இரண்டு நிமிடத்துக்குள் பார்வைப் புலத்தைக் கடந்துவிடும். விரலால் குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். பொருள் உச்சி வானில் இருந்தால் குழாய் செங்குத்தாகிவிடும். திருப்புவதற்குப் பிடிமானமே கிடைக்காது. நம் அட்சரேகையில் நிலவும் கோள்களும் உச்சியை ஒட்டியே போவதால் இந்தச் சிரமம் இங்கே அடிக்கடி வரும். அவை மேற்கே சற்றுச் சாயும்வரை காத்திருப்பதே வழி.

48 மடங்கில் தெரியும் வானம் ஒரு பாகை அளவுதான், அதில் கார்த்திகைக் கொத்து முழுதாக அடங்காது. அதற்கு 10x50 பைனாகுலரே மேல். படிக்கட்டில் இடிபட்டால் ஆடிகளின் நேர்கோடு கலையும், சரிசெய்யப் பழக வேண்டும். துகள்பலகை அடித்தளம் மழைச்சாரலில் ஊறி உப்பிவிடும், ஆகவே வீட்டுக்குள் வைப்பது கட்டாயம்.

யாருக்கு ஏற்றது?

நெபுலாக்களையும் விண்மீன் மண்டலங்களையும் படமெடுப்பதே ஆசை என்றால், சீஸ்டார் எஸ்50 போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி பொருத்தம். 50 மி.மீ. வாய்தான் என்றாலும், பல படங்களை அடுக்கி நகர வெளிச்சத்தை மீறிக் கைப்பேசியில் காட்டிவிடும். ஆனால் அதில் கோள்கள் மிகச் சிறியவை, கண் வைத்துப் பார்க்க ஐபீஸும் இல்லை. நிலவையும் வியாழனையும் சனியையும் இரட்டை நட்சத்திரங்களையும் தன் கண்ணால் பார்க்க விரும்புகிறவர், வீட்டில் பிள்ளைகள் உள்ளவர், நல்ல ஸ்மார்ட்போன் ஒன்றின் விலையை ஒதுக்க முடிகிறவர், இவர்களுக்கு 6 அங்குல டாப்சோனியனே சரி. நூறு கிலோமீட்டர் பயணம் போய் இருட்டைத் தேடும் வாய்ப்பு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வரும். மாடி தினமும் இருக்கிறது. அடிக்கடி பயன்படும் கருவியே நல்ல கருவி.

வாங்கியதும் பௌர்ணமியன்று நிலவைப் பார்க்காதீர்கள். நிழல்கள் இல்லாமல் மலைகளும் பள்ளங்களும் தட்டையாகிவிடும். ஐந்தாம் பிறையிலிருந்து அட்டமிக்குள் ஒரு மாலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் மாடி விளக்கை ஒரு மணி நேரம் அணைக்கச் சொல்லி, அவர்களையும் மேலே கூப்பிடுங்கள்.