பழியைக் காற்றின்மேல் போடாதீர்கள்

காம்பவுண்ட் வில் ஆட்டம் எதிலும் அம்பு குறி தப்பினால் காங்கேயம் பக்கத்துத் தீர்ப்பு இரண்டுதான்: ஒன்று காற்று, இல்லாவிட்டால் பயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காற்றைத் திட்டுவது கைவந்த கலை. பயம் என்ற தீர்ப்பையோ ஒரு வீராங்கனைக்கென்றே எடுத்து வைத்திருக்கிறோம். அம்பு கீழே இறங்கினால் அவர் உடனே குறிபார்க்கும் சைட்டைத் திருப்புவதில்லை. கோட்டிலிருந்து பின்வாங்கி, வில்முனையிலுள்ள கேம் சக்கரத்தின் குறி நகர்ந்திருக்கிறதா, நாணிலுள்ள பீப் என்னும் பார்வைத் துளை திரும்பியிருக்கிறதா என்று பார்க்கிறார். கேம்களை இணைக்கும் கேபிளை விரலால் தடவுகிறார். முழுக்க இழுத்த பிறகும் மனம் ஒப்பாவிட்டால் எய்யாமல் நாணை இறக்கிவிடுகிறார். தடுமாறுகிறார் என்கிறது வர்ணனை. களத்தில் அவரைவிடத் தெளிவானவர் கிடையாது என்பது என் கட்சி.

இலக்குத் தாளே இதற்குச் சாட்சி. 50 மீட்டர் தொலைவில் 80 சென்டிமீட்டர் தாள். அதில் பத்து வளையத்தின் விட்டம் வெறும் 8 சென்டிமீட்டர். பக்கக்காற்று அம்பை இடம் வலமாகத்தான் தள்ளும். எய்பவரின் பிடியும் இழுப்பும் மாறாதிருக்க, அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது வில்லை. இரண்டு கேம்களும் சேர்ந்து சுற்றவில்லை, அல்லது அம்பு நாணில் பொருந்தும் இடம் நகர்ந்துவிட்டது. காரணத்தைப் பனியன் கம்பெனிக்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. முறுக்கு ஏறினால் நூல் குறுகும், தளர்ந்தால் நீளும். நாணும் கேபிளும் பல இழைகளை முறுக்கிய நூல்தான். அந்தச் செயற்கை இழை பளுவிலும் சூட்டிலும் மெல்ல இழுபடும். ஒரு கேபிள் மட்டும் துளி நீண்டால் ஒரு கேம் முந்தும், மற்றது பிந்தும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வில்லை விட்டுவிட்டு, மாலையில் குறி தப்பியதற்கு மனஉறுதியைக் குறை சொல்வது நியாயமில்லை.

சைட்டை இரண்டு கிளிக் திருப்பினால் போதாதா என்பார்கள். அம்புகள் மொத்தமாக ஓரிடத்துக்கு நகர்ந்திருந்தால் போதும்; சிதறியிருந்தால் அது நோயை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் தணிப்பது. ஒரு அம்புக்கு 20 நொடிதானே, தாளம் கெடாதா என்பது அடுத்த கேள்வி. கெடும்தான். ஆனால் கேம் இல்லாத ரிகர்வ் வில் ஆட்டத்தில் ஒரு செட்டைக் கோட்டைவிட்டாலும் அடுத்த செட்டைப் புதிதாகத் தொடங்கலாம். காம்பவுண்டில் 15 அம்புகளின் மொத்தக் கூட்டல்தான் முடிவு, போன புள்ளி போனதுதான். வில்லைப் பார்ப்பது பயிற்சியாளர் வேலை என்போருக்கும் பதில் உண்டு. இழுப்பின் முடிவில் நாண் கெட்டியாக நிற்கிறதா, பஞ்சு மாதிரி அமுங்குகிறதா என்பது இழுத்த கைக்கு மட்டுமே தெரியும். குறுக்குவில்லோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அதில் நாணைப் பிடித்திருப்பது விசைப்பூட்டு. ஏற்றிய பல குறுக்குவில்களில் ஒரு அம்பை எய்துதான் இழுவிசையை இறக்க முடியும். காம்பவுண்ட் வில், இறக்கும் உரிமையைக் கையிலேயே தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துவது எப்படிக் கோழைத்தனமாகும்?

ஆட்டத்தின் பாதி களத்துக்கு வெளியேதான் நடக்கிறது. தகுதிச் சுற்றில் கருவி பழுதானால் 15 நிமிடம் வரை அவகாசம் உண்டு. நாக்-அவுட்டில் கூடுதல் நேரம் கிடையாது. கேபிள் மாற்ற வில்லை அழுத்திப் பிடிக்கும் ப்ரெஸ் வேண்டும். அதைக் கோட்டில் வைத்துச் செய்ய முடியாது. அதனால்தான் அந்த வீராங்கனையின் பையிலுள்ள இரண்டாவது வில்லும் முதல் வில்லைப் போலவே ட்யூன் செய்யப்பட்டிருக்கிறது. நாணில் பிசிறு தெரிந்தால் மெழுகு தடவி விரல் சூட்டில் தேய்க்கிறார். நடுவே சுற்றிய காப்பு நூலில் படாமல் பார்த்துக்கொள்கிறார். கார்பன் அம்பைக் காதருகே லேசாக வளைத்து, விரிசல் சத்தம் வந்தால் ஒதுக்கிவிடுகிறார்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணி முதல்முறையாக நுழைகிறது. ஒருவர் வில் சொதப்பினால் இருவரும் மூழ்கும் ஆட்டம் அது. அங்கே பதக்க மேடை ஏறும் ஜோடி, இழுத்ததை எய்தே தீருவேன் என்னும் வீரத்தால் ஏறாது. இறக்கத் தெரிந்த ஜோடியே ஏறும். கொங்கு வெயிலில் நாண் நீள்வதைப் பார்த்தே பழகும் நம் பிள்ளைகள்மேல்தான் என் பந்தயம். இன்னும் ஒன்று சொல்கிறேன்: புது வில் வாங்கும் பணத்தில் ஒரு பங்கை ப்ரெஸ்ஸுக்கு ஒதுக்காத பயிற்சி மையங்கள், அன்றும் முதல் சுற்றிலேயே ஊர் திரும்பிக்கொண்டிருக்கும்.