வெயிலை நறுக்கும் பெட்டி

மணலூர்பேட்டைப் பக்கம், தென்பெண்ணைக் கரையோர வயலில் சோலார் மோட்டார் ஓடுவதைக் காலையில் பாருங்கள். குழாயில் விரல் தடிமனுக்குத்தான் தண்ணீர் விழும். வெயில் ஏற ஏறக் கைத்தடிமனாகும். மேகம் கடந்தால் நீர் இளைக்கும், மோட்டார் நிற்காது.

சூட்சுமம் பேனலுக்கு அடியில் தொங்கும் கன்ட்ரோலர் பெட்டியில். பேனல் தரும் நேர்மின்சாரத்தை உள்ளிருக்கும் ஆறு சுவிட்சுகள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நறுக்கி, மும்முனை மின்சாரமாகக் கோக்கின்றன. இடையில் கெப்பாசிட்டர், வயல் தொட்டிபோல ஏற்ற இறக்கத்தைத் தாங்குகிறது. உச்சிவெயிலில் 50 ஹெர்ட்ஸ்; வெளிச்சம் குறைந்தால் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும் சேர்ந்தே இறங்கும். அதிர்வெண்ணை மட்டும் இறக்கினால் மோட்டாரின் கம்பிச்சுருள் சூடேறிவிடும்.

பெட்டியின் முதுகில் அலுமினியத் தகடுகள் சீப்புப்போல நிற்கும். மதியம் தொட்டால் சுடும். அந்தச் சூடுதான் அது பிடித்துக்கொள்ளும் கூலி.