வனகாளி இறக்கிவைக்காத மூட்டை

'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில் வனகாளி என்றொரு பெரியவர் வருவார். ஆயுசு முழுக்க மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்தவர். உடம்பு விட்டுப்போய்விட்டது; கூட இருப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை. இந்த மலையில் தன்னைப்போலச் சுமந்தவன் உண்டா என்று வீறாப்புப் பேசியபடியே மூட்டைக்கு உடம்பைக் கொடுக்கிறார். இருமலோடு ரத்தம் வருகிறது. அதற்கும் அவர் அசைவதாயில்லை.

அவருடைய பூர்வீகம் என்ன, பிள்ளைகள் எத்தனை, வீட்டில் யாரோடு சண்டை என்றெல்லாம் கதை விரித்துச் சொல்வதில்லை. ஆனாலும் படம் முடிந்து வருகிறபோது, இந்த ஆளை எனக்குத் தெரியும் என்று அடித்துச் சொல்லத் தோன்றுகிறது. போடிக்கும் தேவாரத்துக்கும் இடையில் இருக்கிற ராசிங்காபுரம் மாதிரியான அடிவார ஊர்க்காரர்களுக்கு இன்னும் கூடுதலாகவே தோன்றும். மேற்கே திரும்பினால் மலை; மலைக்குப் போய்த் தேய்ந்து திரும்பிய ஒரு தாத்தா இல்லாத தெரு இந்தப் பக்கம் அபூர்வம். ஆனால் தெரிந்த மனிதர் என்பதால் மட்டும் ஒருவர் கதையில் உயிரோடு எழுந்து நின்றுவிட மாட்டார். வனகாளி நிற்கிறார் என்றால், எதை அவரால் இறக்கிவைக்க முடியாது என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. மூட்டையை இறக்கிவிட்டால் அவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. கூலிக்காகத் தொடங்கிய சுமை எப்போதோ மானமாக மாறிவிட்டது.

கதை எழுதக் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளில் ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். கதாபாத்திரத்தின் வயது, உயரம், பிடித்த நிறம், சின்ன வயதில் பட்ட காயம். நிரப்பினால் தப்பில்லை. ஆனால் இருபது கேள்விக்கும் பதில் எழுதி முடித்த பிறகும் அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பான். ஒரு மூட்டையை அவன் முன்னால் வைத்து, தூக்குவானா மாட்டானா, தூக்கினால் யார் பார்க்கத் தூக்குவான், எங்கே இறக்குவான் என்று கேட்கத் தொடங்கும்போதுதான் கை கால் அசைகிறது.

லெனின் பாரதி எழுதி இயக்கி, விஜய் சேதுபதி தயாரித்து, 2018 ஆகஸ்டில் வெளிவந்த இந்தப் படத்தை நான் ஒரு நாவல் போலத்தான் பார்க்கிறேன். அதன் நாயகன் ரங்கசாமி. ஆண்டனி நடித்திருக்கிறார். மலைக்கும் அடிவாரத்துக்கும் நடையாய் நடந்து சுமை இறக்குகிறவன். முதல் பகுதியின் பெரும்பங்கு நடைதான். அடிவாரத்திலிருந்து ஏறுகிறான், வழியில் ஆட்கள் சேர்கிறார்கள், பேசுகிறார்கள், பிரிகிறார்கள். அவன் நல்லவன் என்று யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. வழியில் எதிர்ப்படுகிறவர்கள் அவனிடம் பேசுகிற பேச்சில், எவ்வளவு உரிமையோடு அவனிடம் வேலை சொல்கிறார்கள் என்பதில், அவனுடைய குணம் தானாகத் தெரிகிறது. ஒரு மனிதனை அவனுடைய வாயிலிருந்து அறிவதைவிட ஊர் அவனை நடத்துகிற விதத்திலிருந்து அறிவது ஆழமாகப் பதியும். லெனின் பாரதி இதை அவசரமே இல்லாமல் செய்கிறார். கதை எங்கே என்று பொறுமை இழப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த நடையே கதையாகப் போதுமானதாக இருந்தது.

ரங்கசாமியின் ஆசை ஒன்றே ஒன்று: சொந்தமாகக் கொஞ்சம் நிலம். அந்த ஆசையைத்தான் படம் திரும்பத் திரும்பச் சோதிக்கிறது. கைக்கு வந்த நிலம் விற்பவர் வீட்டுத் தகராறில் நழுவுகிறது. நம்பிக்கை வைத்த ஏலக்காய் மூட்டை வழியில் உருண்டு, கிழிந்து, பள்ளத்தில் சிதறுகிறது. அந்தக் காட்சியில் வேறொரு இயக்குநராக இருந்தால் அவனை வாய்விட்டு அழ வைத்திருப்பார். அதுவரை அவனோடு நடந்து வந்த நமக்கு அந்த ஒரு மூட்டையின் விலை தெரியும்; அவன் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பாத்திரத்தை நன்றாக அறிந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கிற பெரிய வசதி இது. வசனத்தை மிச்சம் பிடிக்கலாம்.

ஆங்கில நாவலாசிரியர் இ.எம். ஃபாஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் நாவலைப் பற்றி ஆற்றிய உரைகளில் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்தார். ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுகிற தட்டையானவர்கள் ஒரு வகை; நம்பும்படியாக நம்மைத் திகைக்க வைக்கிற முழுமையானவர்கள் இன்னொரு வகை. அந்தக் கணக்கில் வனகாளி தட்டையானவர், ரங்கசாமிதான் முழுமையானவன். நான் இந்தத் தராசை வனகாளி விஷயத்தில் ஏற்கமாட்டேன். ஒரே வாக்கியம்தான், ஆனால் அந்த வாக்கியத்தை அவர் ரத்தத்தால் முடிக்கிறார்.

போடி இருக்கிற இதே மாவட்டத்து வறண்ட பக்கத்திலிருந்து வந்த இன்னொரு கிழவர், வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாச'த்துப் பேயத்தேவர். 2001இல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 2003இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற நாவல். 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட ஊர்களின் கதை. வைரமுத்து பிறந்த மேட்டூர் கிராமமும் அப்படிப் போனதுதான். அவர் குடும்பம் வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்தது. நாவலின் உவமைகள் சில இடங்களில் பேயத்தேவரையும் மீறி உரக்கப் பேசுகின்றன. அங்கே கிழவர் ஒதுங்கி நிற்க, கவிஞர் முன்னால் வந்துவிடுகிறார். ஆனால் மண்ணோடும் மாட்டோடும் பேயத்தேவர் மல்லுக்கட்டும் அத்தியாயங்களில் இந்தக் குறை காணாமல் போய்விடும். அவர் கைக்கு என்ன தெரியும் என்பது எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது. தண்ணீர் வந்த பிறகும் வீட்டை விட மனம் வராத பிடிவாதம், வனகாளியின் மூட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு.

பாத்திரம் வளர்வது வேறு சங்கதி. பிடிவாதத்தை அறிந்தால் மட்டும் போதாது. எந்த ஒரு செயலில் அவர்கள் வாழ்க்கை மடை மாறும் என்பதையும் தேட வேண்டும். அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் '16 வயதினிலே' (1977) படத்தில், ஊரே சப்பாணி என்று கூப்பிடுகிறவனுக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருப்பதை நாயகி மயில் நினைவூட்டி, சப்பாணி என்று கூப்பிடுகிறவனை அறையச் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் அறை விழுந்த கணத்தில் அவன் வேறு ஆள். ஜெயகாந்தன் இதைவிடத் துணிச்சலான காரியம் செய்தார். 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் மழையில் கெடுக்கப்பட்டு வந்த பெண்ணைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிச் சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்த முடிவு பெரும் வாக்குவாதத்தைக் கிளப்பியது. தாய் அப்படிச் செய்யாமல் கூச்சலிட்டு ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவள்தான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலின் கங்கா. ஒரே வாசல், ஒரே ராத்திரி; தாயின் ஒரு செயல் மாறியதும் படித்து, வேலைக்குப் போய், தனிமையில் இறுகிப்போன முற்றிலும் வேறொரு பெண் எழுந்து வருகிறாள். கதை எழுத வருகிறவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

மறுபடி மலைக்கு வருகிறேன், ஒரு மனக்குறையோடு. படத்தின் பின்பகுதியில் கடன், சங்கம், துரோகம், கொலை, சிறை என்று சம்பவங்கள் நெருக்குகின்றன. கடைசியில் ரங்கசாமி, பின்னால் ஒருவழியாகக் கிடைத்து மறுபடி பறிபோன நிலத்திலேயே காற்றாலைக்குக் காவல்காரனாக உட்கார்கிறான். அந்தக் கொடுமை நம்மைக் குலுக்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் அவன் மனைவி ஈஸ்வரியை நாம் ரங்கசாமியை அறிந்த அளவுக்கு அறியவில்லை. கணவன் சிறையில் இருக்க, கடன்காரன் வாசலில் நிற்க, அந்த வருஷங்களை அவள் எப்படிக் கடத்தினாள்? அவளுடைய நடையோடு யாரும் மலையேறவில்லை.

ஏலத்தோட்டத்தில் காய் எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். இருட்டோடு தூக்குவாளியில் சோறு கட்டி, ஜீப்பில் நெருக்கியடித்து, போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காயோ தூரடியில், தரையோடு படர்ந்த சரத்தில் இருக்கும். நாள் முழுக்கக் குனிந்தே கிடக்க வேண்டும். பிஞ்சை விட்டு முற்றியதை மட்டும் விரல் பிரித்தறிந்து எடுக்கும். இவர்களில் ஒருத்தியை எழுத நினைப்பவர் அவள் கண்ணீரிலிருந்து தொடங்க வேண்டாம். ஜீப்பில் அவள் யார் பக்கத்தில் உட்காரமாட்டாள், கங்காணி குரல் கேட்டால் நிமிர்கிறாளா இன்னும் குனிகிறாளா, சம்பளக் காசில் வீட்டுக்குச் சொல்லாமல் எவ்வளவு ஒதுக்குகிறாள், அதை எதற்காக ஒதுக்குகிறாள் என்று கேட்டுப் பார்க்கட்டும். ஈஸ்வரிக்குக் கிடைக்காமல் போன நாவல் அந்த ஒதுக்கிய காசில் இருக்கிறது.