தனித்து நிற்கும் பறவையும் துடைக்கப்பட்ட நிலமும்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பியப் பயணநூல்களிற் காணப்படும் பறவைப் படங்களை இயற்கை விஞ்ஞானத்தின் தொடக்கச் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். பறவையின் அலகும் இறகும் எவ்வளவு மெய்யானவை என்பதே அங்கு எழும் வினா. நாம் இங்கு எழுப்ப விழைவது வேறொன்று: அப்பறவையின் காலடியிலிருந்த நிலம் எங்கே?

மொரீசியசுத் தீவின் டோடோவை எடுத்துக்கொள்வோம். ஒல்லாந்தர் கப்பல்கள் 1598 இல் அத்தீவை அடைந்தன. யாக்கோப் வான் நெக்கின் அக்கடற்பயணம் பற்றி 1601 இல் வெளியான நூலிலுள்ள செப்புத்தகட்டுப் படத்திலேதான் டோடோ முதன்முதல் அச்சேறியது. அப்படம் ஒரு சந்தைபோல் நெருக்கமானது. மாலுமிகள் மீன் பிடிக்கின்றனர், கொல்லுலை எரிகிறது, பாதிரியார் பிரசங்கம் செய்கிறார், பேராமையின் முதுகில் மனிதர் ஏறியிருக்கின்றனர், மரமொன்றில் ஒல்லாந்தரின் சின்னம் பொறித்த பலகை தொங்குகிறது. டோடோ ஓர் ஓரத்தில், குறியிட்ட ஒரு சிறு உருவமாக நிற்கிறது. கலைநயம் குறைந்த படம்தான். ஆயினும் வந்தவர் யார், வந்து என்ன செய்தனர் என்பதை அது ஒளிக்கவில்லை.

1605 இல் குளூசியசு தம் நூலிற் சேர்த்த மரச்செதுக்குப் படத்திலே கூட்டம் மறைந்துவிடுகிறது. பறவையின் காலடியில் ஒரு கல் மாத்திரம் எஞ்சுகிறது. அதுவும் அதன் இரைப்பையிற் கண்ட கல்லைக் காட்டுதற்கே. 1634 இல் வெளியான தொமசு ஹேர்பேர்ட்டின் பயணநூலிலோ டோடோவும் வேறிரு பறவைகளும் கடையிற் பரப்பிய சரக்குகள்போல் வரிசையாக நிற்கின்றன. பலகையும் இல்லை, உலையும் இல்லை.

செப்புத்தகட்டில் ஊசியோ உளியோ தொட்ட கோடே மையை ஏந்தும். தொடாத பரப்பு துடைக்கப்பட்டு வெண்மையாய்ப் பதியும். ஆகவே படத்திற் காணும் வறள்நிலம் கலைஞனின் தீர்மானமேயன்றி மொரீசியசு அன்று. அத்தீவில் குடிமக்கள் இருந்ததில்லை என்பது உண்மை. ஆனால் அது பாலையன்று. கருங்காலி செறிந்த காடு. 1638 இல் ஒல்லாந்தர் அங்கே குடியேறியபின் அம்மரத்தை வெட்டி ஏற்றுமதி செய்தனர். மடகாசுகரிலிருந்து கொணரப்பட்ட அடிமைகளின் உழைப்பும் அதிலே கலந்தது. கப்பலோடு வந்த எலியும் பன்றியும் குரங்கும் தரையிற் கூடுகட்டிய பறவையின் முட்டைகளை அழித்தன. பரவலாக ஏற்கப்படும் இறுதிக் காட்சி 1662 இல் பதிவாயிற்று. இவ்வழிவைத் தனி மனிதரின் வேட்டைவெறி என்று மட்டும் விளக்குவோர், வெறுமையான பின்னணியை உண்மையென்று நம்பியவரே.

மொகலாய ஓவியர் மன்சூர் வரைந்ததெனக் கருதப்படும், 1625 அளவிலான டோடோ ஓவியம் இன்று சென் பீற்றர்சுபேர்க்கில் உள்ளது. அதிலே இப்பறவை, வரித்தலை வாத்து முதலியவற்றின் நடுவே நிற்கிறது. அரண்மனைச் சேகரிப்பின் பெருமிதம் அதிலும் உண்டு. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் பறவை அங்கு அனாதையன்று.

காத்தான்குடியிலிருந்து இவற்றை நோக்கும் நமக்கு இவ்வினா தொலைவானதன்று. வான் நெக்கின் நூல் வெளியான அடுத்த ஆண்டிலேயே, 1602 இல், ஸ்பில்பேர்கனின் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வந்தன. மொரீசியசில் ஒல்லாந்தர் குடியேறிய அதே 1638 இலேதான் புளியந்தீவுக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து அவர்கள் கைக்கு மாறிற்று. ஒரே வாணிகக் கம்பனி, ஒரே கடற்பாதை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நமது ஒடுங்கிய நிலத்தைக் கப்பற்றளத்தில் நின்று நோக்குபவன் மணலும் தென்னையும் ஒரு கொக்குமே காண்பான். வீச்சுவலையோடு இடுப்பளவு நீரில் நிற்பவனையும், தறிக்குழியில் இருப்பவனையும் காணக் கரையேறித்தான் ஆகவேண்டும். கரையேறி வரைந்த 1601 ஆம் ஆண்டுப் படத்தை அழகற்றதென்று தள்ளி, தனித்த பறவையைச் சட்டமிட்டு மாட்டும் இரசனையில் நாமும் பழகியிருக்கிறோம்.