கம்பத்துப் பந்தலும் யாழ்ப்பாணத்து வளவும்: வீட்டுத் திராட்சை வளர்ப்பு, ஓர் ஒப்பீடு

மிதவெப்ப நாடுகளில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து ஓய்ந்து, வேனில் பிறந்ததும் துளிர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை காய்க்கிறது. வெப்பமண்டலத்தில் அந்த ஓய்வு அதற்குக் கிடைப்பதில்லை. வெட்டாமல் விட்டால் ஆண்டு முழுவதும் பச்சைப் பசேலென்று படர்ந்துகொண்டே போகும், குலைகள் அருகிவிடும். குளிர் செய்யவேண்டிய வேலையை இங்கே கவாத்துக் கத்திதான் செய்கிறது.

தேனி மாவட்டத்துக் கம்பமும் இலங்கையின் யாழ்ப்பாணமும் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கில், அநேகமாக ஒரே கோட்டில் இருக்கின்றன. பகலின் நீளமும் வெயிலின் கோணமும் இரண்டுக்கும் ஒன்றே. கம்பத்தில் பன்னீர் திராட்சை என்றும் யாழ்ப்பாணத்தில் முந்திரிகை என்றும் வழங்கும் இந்தப் பயிர், இரு ஊர்களிலும் பந்தலில் ஏறி ஆண்டுக்கு இருமுறை காய்க்கிறது. ஆனால் மண், நீர், மழைக்காலம் ஆகிய மூன்றும் வேறு. வளர்ப்பு முறைகளில் காணும் வேறுபாடுகள் பெரும்பாலும் இந்த மூன்றிலிருந்தே பிறக்கின்றன.

வகைகள்

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை, உலகில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் வகை. கருமை கலந்த ஊதாப் பழம், மெல்லிய தோல், விதை, பன்னீரை நினைவூட்டும் மணம் ஆகியவை இதன் அடையாளங்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வகை நோயே அண்டாதது அன்று; மழையில் அடிச்சாம்பல் நோய் இதையும் தாக்கும். இதன் வலிமை வேறு இடத்தில் இருக்கிறது. தாம்ஸன் சீட்லெஸ் போன்ற விதையில்லா வகைகளில் கிளையின் அடிமொட்டுகள் எளிதில் குலை தருவதில்லை. பன்னீரிலோ அடியிலிருந்து நான்கைந்து மொட்டுக்குள்ளேயே குலை பிறக்கிறது. எந்த மாதத்தில் வெட்டினாலும் காய்ப்பு வருகிறது. அதனால்தான் பள்ளத்தாக்கின் உழவர்கள் தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாளை மாற்றி, ஆண்டு முழுவதும் சந்தைக்குப் பழம் அனுப்ப முடிகிறது.

யாழ்ப்பாணத்தில் பரவலாக நிலைத்திருப்பது இஸ்ரேல் புளூ என்னும் கருநீல வகை. மஸ்கட் வகைகளும் ஆங்காங்கே உண்டு. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில், குடாநாட்டின் வலிகாமப் பகுதிச் செம்மண் தோட்டங்களில் மிளகாய், வெங்காயத்தோடு முந்திரிகையும் வருவாய்ப் பயிராக ஓங்கியது. உள்நாட்டுப் போர் அந்த வளர்ச்சியை முறித்தது. மிளகாயும் வெங்காயமும் ஒரு போகத்தை இழந்தால் அடுத்த போகத்தில் மீண்டு வரக்கூடியவை. முந்திரிகைப் பந்தலைச் சில மாதங்கள் கவனிக்காமல் விட்டாலே பல ஆண்டு உழைப்பு வீணாகும். 1995இல் வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது பந்தல்களும் ஆளின்றி நின்றன. போர் முடிந்தபின் வீட்டு வளவுகளில் மறுபடியும் கொடி ஏறியிருப்பது அந்த மண்ணின் மனிதர்களுக்கு இந்தப் பயிரின்மேல் உள்ள பற்றைக் காட்டுகிறது.

மழையும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் இவ்விரண்டையும்விடத் தாங்கும் தன்மை உடையது பெங்களூர் நீலம். அமெரிக்கத் திராட்சை இனத்தின் கலப்புள்ள இந்த வகைக்குத் தடித்த தோலும் தனி வாசனையும் உண்டு. பூஞ்சண நோய்களை ஓரளவு எதிர்த்து நிற்கும். சுவையில் பன்னீருக்கு ஈடாகாவிட்டாலும், மருந்தடிப்பைக் குறைக்க விரும்பும் வீட்டாருக்கு ஏற்றது.

மண்ணும் நீரும்

கம்பம் பள்ளத்தாக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் வருசநாட்டு மலைக்கும் நடுவே கிடக்கிறது. 1895இல் பயன்பாட்டுக்கு வந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கே ஓடிய நீரைக் கிழக்கே திருப்பியதால் இப்பகுதிக்கு நிலையான பாசனம் கிடைத்தது. ஆற்று நீரும் அதனால் ஊறும் கிணற்று நீரும் பொதுவாக உப்புக் குறைந்தவை. மண்ணும் ஆழமானது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் செம்மண் படிந்த நிலம்; பல இடங்களில் சில அடி தோண்டினாலே கல் தட்டுப்படும். மழைநீர் அந்தக் கல்லின் துளைகளில் இறங்கித் தங்குவதே கிணற்று நீர். நன்னீர் கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதப்பதால், அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். திராட்சை உப்பைப் பெரிதும் தாங்காத பயிர். நீரில் உவர் மிகுந்தால் முற்றிய இலையின் விளிம்பு தீய்ந்ததுபோல் காய்ந்து வரும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணுக்கு வேறொரு குறி உண்டு. இளம் இலை மஞ்சளாக வெளிற, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கும். மண்ணில் இரும்பு இருந்தும் அதை வேர் எடுக்க முடியாமையால் வரும் குறை இது. மட்கிய எருவும் குழையும் தொடர்ந்து இடுவதால் இது தணியும்.

இந்த வேறுபாடு உரமிடுவதிலும் தெரியும். திராட்சைக்குச் சாம்பல்சத்து நிறையத் தேவை. கம்பத்துச் செம்மண்ணில் அடுப்புச் சாம்பலை அளவாக இட்டால் கொடிக்கு நல்லது. யாழ்ப்பாணத்தில் மண்ணே காரம் மிக்கது. சாம்பல் அதை மேலும் கூட்டும். அங்கே ஆட்டெருவும், வேலியிலிருந்து வெட்டிய பூவரசங் குழையும் பொருத்தமானவை. தழைச்சத்துப் பசளையை அள்ளிக் கொட்டினால் இலை கொழுத்துக் குலை குறையும். மேலும், குடாநாட்டின் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்ட சிக்கல். கொடிக்கு மிஞ்சியது குடிநீருக்கே போய்ச் சேரும்.

நடுதலும் பந்தலும்

இரு நாட்டிலும் முற்றிய கிளையின் நான்கு மொட்டுள்ள துண்டை வேர்விட வைத்து நடுவதே வழக்கம். தமிழ்நாட்டில் சூன், சூலை மாதங்கள் நடவுக்கு உரியவை. பன்னீருக்கு வரிசைக்கு வரிசை 3 மீட்டரும் கொடிக்குக் கொடி 2 மீட்டரும் இடைவெளி. வீட்டில் ஒரு கொடிக்கு மூன்றடி நீள அகல ஆழமுள்ள குழி போதும். யாழ்ப்பாணத்தில் கல் தட்டுப்பட்டால் அதை உடைத்து எடுத்து, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்ப வேண்டும்.

நாள் முழுவதும் வெயில் படும் இடமே வேண்டும். மா, வேம்பு நிழலில் கொடி வளரும், குலை வராது. யாழ்ப்பாணத்தில் வைகாசி முதல் வீசும் சோளகக் காற்று இளந்தளிரை முறித்துப்போடும். கிளுவை வேலியோ ஓலை வேலியோ காக்கும் பக்கமாக நடுவது நல்லது. கம்பத்திலும் அதே மாதங்களில் மலைக் கணவாய் வழியே காற்று வேகமாக இறங்கும்.

பந்தல் ஆறு அல்லது ஏழடி உயரம் இருக்கவேண்டும். கம்பத்துத் தோட்டங்களில் கல்தூண் நட்டுக் கம்பி வலை பின்னுகிறார்கள். யாழ்ப்பாணத்து வளவுகளில் சீமெந்துத் தூணும் இரும்புக் குழாயும் போதுமானவை. பந்தலைத் தொடும்வரை ஒற்றைத் தண்டாகவே கொடியை ஏற்றி, பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும். பந்தலை எட்டியதும் நுனியைக் கிள்ளினால் இரு பக்கமும் கைகள் பிரியும். அந்தக் கைகளிலிருந்து வரும் கிளைகளே பின்னர் காய்க்கும்.

கவாத்தும் மழையும்

கவாத்துக்கு ஒரு வாரம் முன்பே நீரை நிறுத்த வேண்டும். பிறகு முற்றிய கிளைகளில் நான்கு மொட்டு விட்டு வெட்ட வேண்டும். மெலிந்தவற்றை ஒன்றிரண்டு மொட்டோடு குறுக்கி, அடுத்த போகத்துக்கு வளர விட வேண்டும். எஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். வெட்டி நீர் பாய்ச்சியபின், வெட்டுவாயில் தெளிந்த நீர் துளித்துளியாகச் சொட்டும். புதிதாக வளர்ப்போர் இதைக் கண்டு அஞ்சுவதுண்டு. வேர் விழித்து நீரை மேலேற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம், தானாக நின்றுவிடும். சுமார் பத்து நாளில் மொட்டு உடையும். துளிரின் மூன்றாவது, நான்காவது கணுவருகே பச்சைக் கடுகுக் கொத்துப்போலப் பூங்குலை தெரியும். வெட்டிய நாளிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் பறிக்கலாம்.

இந்த நான்கு மாதங்களை ஆண்டின் எந்தப் பகுதியில் வைப்பது என்பதே இரு ஊர்களையும் பிரிக்கும் கேள்வி. பூக்கும்போது மழை பெய்தால் பூ உதிரும். இளந்தளிரில் ஈரம் நின்றால் நோய் பற்றும். பழுக்கும்போது பெய்தால் பழம் வெடிக்கும். கம்பத்தில் தென்மேற்குப் பருவத்தில் மலைச்சாரலும் வடகிழக்குப் பருவத்தில் கனமழையும் உண்டு. அங்கே கோடைப் போகத்துக்கு டிசம்பர், சனவரியில் வெட்டி ஏப்ரல், மே மாதங்களில் பறிப்பதும், அடுத்த போகத்துக்கு மே, சூனில் வெட்டி ஆகஸ்ட், செப்டம்பரில் பறிப்பதும் பொதுவான பரிந்துரை. மற்ற மாதங்களில் வெட்டும் உழவர் மருந்துக்கும் ஆளுக்கும் கூடுதலாகச் செலவிட்டே அதைச் செய்கிறார்.

யாழ்ப்பாணத்தின் மழை பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். நடு ஆண்டு நெடிய கோடை. ஆகவே வீட்டுக் கொடிக்கு மாரி ஓய்ந்து தை பிறந்தபின் முதல் வெட்டு. பழம் பறித்துச் சில வாரம் ஓய்வு கொடுத்தபின் இரண்டாம் வெட்டு. இரண்டாவது அறுவடை மாரிக்கு முன் முடியும்படி நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ள வேண்டும். மாரியில் வெட்டாமல், முற்றிய இலையோடு கொடியை நிற்க விடுவதே பாதுகாப்பு. நடு ஆண்டில் மழை குறுக்கிடாதது யாழ்ப்பாணத்துக்கு வாய்த்த பேறு. அதே மாதங்களில் ஒவ்வொரு சொட்டு நீரையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டியிருப்பது அதன் விலை.

நோயும் காப்பும்

அடிச்சாம்பல் நோய் இலையின் மேற்புறம் எண்ணெய் பட்டதுபோல் மஞ்சள் திட்டாகவும், கீழ்ப்புறம் வெண்பூஞ்சணமாகவும் தெரியும், ஈரத்தில் பெருகும். சாம்பல் நோயோ மழையில்லாத நாளிலும் இலையிலும் காயிலும் மாவு தூவியதுபோல் படியும். இரு பருவத்திலும் மழை காணும் கம்பத்தில் முன்னதன் தொல்லை கூடுதல். யாழ்ப்பாணத்துக் கோடைப் போகத்தில் பின்னதைக் கவனிக்க வேண்டும்.

அடிச்சாம்பலுக்கு நூறாண்டு கடந்தும் பயன்படும் மருந்து போர்டோ கலவை. ஒரு லிட்டருக்கு 10 கிராம் மயில்துத்தம், 10 கிராம் சுண்ணாம்பு. அரை லிட்டர் நீரில் துத்தத்தையும், மற்ற அரை லிட்டரில் சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். உலோகப் பாத்திரம் கூடாது. பிளாஸ்டிக்கோ மண்ணோ ஏற்றது. துருவில்லாத இரும்புக் கத்தியைக் கலவையில் சற்று நேரம் முக்கி எடுத்தால், செம்பு நிறப் படிவு ஒட்டியிருக்கக் கூடாது. ஒட்டியிருந்தால் இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்; இல்லாவிட்டால் இலை கருகும். கலவையை அன்றே தெளித்துவிட வேண்டும். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் உதவும். உச்சிவெயிலில் அடித்தால் அதுவும் இலையைச் சுடும். மாவுப்பூச்சிக்குத் தண்டின் உரியும் பட்டையைத் தேய்த்து நீக்குவது முதல் வேலை. அணில், கிளி, வௌவால் ஆகியவற்றுக்கு இரு ஊரிலும் வலை ஒன்றே வழி.

குலையும் அறுவடையும்

காய் பட்டாணி அளவு வந்ததும், நெருங்கிய குலையில் ஐந்தில் ஒரு பங்கு காய்களைக் கத்தரித்து விட்டால் மற்றவை பருத்து, காற்றோட்டமும் கிடைக்கும். பறிப்பதற்கு ஒரு வாரம் முன் நீரை நிறுத்த வேண்டும். நிறம் ஏறிய உடனே பறிப்பது பரவலான தவறு. கொடியிலிருந்து பிரிந்தபின் திராட்சை இனிப்பேறுவதில்லை. நிறம் முழுவதும் பரவியபின்னும் சில நாள் பொறுத்து, குலையின் நுனிக் காயைச் சுவைத்துப் பார்த்தே வெட்ட வேண்டும். கடைசியாகப் பழுப்பது அந்த நுனிதான். நன்கு பேணிய பன்னீர் தோட்டத்தில் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 30 டன் எதிர்பார்க்கப்படுகிறது. மேற்சொன்ன இடைவெளியில் கொடிக்கு 18 கிலோ. வீட்டுக் கொடி இதில் பாதி தந்தாலும் ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

கன்றுப் பரிமாற்றம்

இரு கரைக்கும் போக்குவரத்து மிகுந்திருப்பதால், பன்னீர்க் குச்சியைப் பையில் வைத்துக் கடல் கடக்கும் ஆசை இயல்பானது. அனுமதியும் தடுப்புக்காப்புச் சோதனையும் இன்றிச் செடிப் பொருள் கொண்டுபோவதை இலங்கையின் 1999ஆம் ஆண்டுப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடுப்புக்காப்பு ஆணையும் தடுக்கின்றன. ஒரு குச்சியோடு வரும் நோய் ஓர் ஊரின் பந்தல்கள் அனைத்தையும் அழிக்கக்கூடும். அந்தந்த நாட்டின் விவசாயத் துறையோ நம்பகமான நாற்றங்காலோ தரும் கன்றே போதுமானது. தடையின்றிக் கடல் கடக்கத் தக்கது முறை மட்டுமே. அதிலும் வெட்டும் விதத்தைப் பின்பற்றலாம், வெட்டும் நாளை அவரவர் ஊர் மழையைப் பார்த்தே வைக்க வேண்டும்.