மஜ்ஜை மாற்று: அந்தியூரிலிருந்து ஒரு கணக்கு

அந்தியூர்ப் பக்கம் கொடிக்கால் வேலைக்குப் போகிறவர் அறுபது வயதில் முதுகு வலிக்கிறது என்றால் யாரும் திடுக்கிடுவதில்லை. தேய்மானம் என்பார்கள்; மாத்திரை, தைலம், பெல்ட். மல்டிபிள் மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை. மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் பெருகி எலும்பை அரிக்கின்றன, ரத்தம் குறைகிறது, சிறுநீரகம் கெடுகிறது. மாதக்கணக்கில் விழுங்கிய வலி மாத்திரையும் அதே சிறுநீரகத்தைத்தான் பதம் பார்க்கிறது.

நோய் தெரிந்தபின், உடல் தாங்கும் என்றால் மஜ்ஜை மாற்று செய்யச் சொல்கிறார்கள். பெயர்தான் பெரிது, கத்தி கிடையாது. நோயாளியின் ஸ்டெம் செல்களையே ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்து வைத்து, மெல்ஃபலான் மருந்தை மிக அதிக அளவில் கொடுத்து, மறுபடி அதே செல்களை ஏற்றுகிறார்கள். கொடையாளர் தேடி அலைய வேண்டாம். ஆனால் இரண்டு மூன்று வாரம் தொற்று அண்டாத அறையில் கிடக்க வேண்டும்.

பலன் உண்டா? 1996-இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வில், மாற்று சிகிச்சைக்கென ஒதுக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேர் ஐந்தாண்டு கடந்தார்கள். பழைய கீமோ பெற்றவர்களில் 12 சதவீதம்தான். பிறகு போர்டிசோமிப், லெனலிடோமைடு என்ற புதிய மருந்துகள் வந்தன. 2022-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் இந்த மருந்துகளோடு மாற்றும் சேர்த்தவர்களுக்கு நோய் சுமார் 67 மாதம் அடங்கியிருந்தது, சேர்க்காதவர்களுக்கு 46. ஆயுள் கணக்கில் மட்டும் வித்தியாசமில்லை. அப்படியென்றால் இந்தப் பாடு எதற்கு என்று அங்கே கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே தூக்கிவர முடியாது. அங்கே இரு தரப்புக்கும் லெனலிடோமைடு மாத்திரை நிற்காமல் கிடைத்தது. நோய் திரும்பினால் அடுத்த மருந்து காத்திருந்தது. இங்கே அடுத்த மருந்தின் விலையைக் கேட்டே பல குடும்பங்கள் ஊர் திரும்பிவிடும். ஆகவே நோய் அடங்கியிருக்கும் அந்த 21 மாதம் நமக்குத்தான் கூடுதல் பெறுமானம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மஜ்ஜை மாற்று சேர்ந்திருப்பதை நான் வீண்செலவாக எண்ணாததற்கு இதுவே காரணம்.

குறை வேறிடத்தில். மாற்று ஒருமுறை நடந்து முடிவது. லெனலிடோமைடு வருடக்கணக்கில் போவது. முன்னதற்குக் கிடைக்கும் கவனம் பின்னதற்கு இல்லை. அதைவிட மோசம், முறிந்த முதுகெலும்போடும் பழுதான சிறுநீரகத்தோடும் கோவை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்கிறவருக்கு மாற்று பற்றிய பேச்சே பல சமயம் எழுவதில்லை. ஐம்பதைத் தாண்டியவருக்கு விடாத முதுகுவலியும் ரத்தசோகையும் சேர்ந்தே வந்தால் ஹீமோகுளோபின், கிரியாட்டினின், கால்சியம் மூன்றையும் உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். மைலோமாவைக் கண்டறியும் புரதப் பரிசோதனைக்கு ரத்தம் ஈரோடு போனால் போதும், ஆள் போக வேண்டியதில்லை.