பாக்தாதின் கூரைகளும் மல்லைக் குன்றும்

கி.பி. 861-இல் பாக்தாதில் நடக்கும் ஒரு வீடியோ கேமை மாமல்லபுரத்துக் கரையிலிருந்து எடைபோடக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் இந்தக் கரையை ஆண்டவன் தெள்ளாற்றுப் போரை வென்ற பல்லவன் மூன்றாம் நந்திவர்மன். அவனது பட்டப்பெயரைத் தாங்கிய ‘அவனிநாரணம்’ என்ற குளம் தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் வருகிறது. அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராம வணிகருக்கு இருந்தது. மேற்கே கொல்லத்தில், 849-ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், கூஃபி, பஹ்லவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் ஒப்பமிட்டிருக்கிறார்கள். பாரசீக வளைகுடாவில் பாய் விரித்த கப்பல்கள் நம் கடலைக் கடந்துதான் சீனம் வரை போயின. ஆகவே ‘அசாசின்ஸ் க்ரீட் மிராஜ்’ காட்டும் நகரம் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. அதை நம் அளவுகோலால் அளக்கலாம்.

யூபிசாஃப்டின் போர்டோ ஸ்டுடியோ உருவாக்கி 2023 அக்டோபரில் வெளியான கேம் இது. அதே தொடரின் முந்தைய கேமான ‘வல்ஹல்லா’வின் கூடுதல் அத்தியாயமாகத் தொடங்கித் தனி கேமாக வளர்ந்தது. தெருத்திருடன் பாசிம் ஒரு மறைவுச் சங்கத்தில் சேர்ந்து, ஒளிந்திருந்து கொல்லும் கலையைக் கற்கிறான். அவனுக்குக் கற்பிக்கும் ரோஷனுக்குக் குரல் கொடுத்தவர் ஈரானிய நடிகை ஷோஹ்ரே அக்தாஷ்லூ. அந்தக் கரகரத்த குரலில் இருக்கும் கண்டிப்பு, எழுதப்பட்ட வசனத்தைவிட ஆழமானது. மையக் கதை சுமார் இருபது மணி நேரத்தில் முடிந்துவிடும். முந்தைய பாகங்களின் முடிவில்லாத நீளத்துக்குப் பின் இந்தச் சுருக்கம் பெரிய நன்மை.

நகரம்தான் இதன் சாதனை. கலீஃபா அல்-மன்சூர் 762-இல் தொடங்கிய வட்ட நகரத்தின் ஒரு மதில்கூட இன்று தரைக்கு மேல் இல்லை. பழைய நூல்களில் உள்ள வருணனைகளைக் கொண்டே ஸ்டுடியோ அதை எழுப்பியிருக்கிறது. கர்க் பகுதியின் சந்து, துணிக்கடைகளின் மேல் விரித்த பந்தல், கால்வாயில் மிதக்கும் தோணி, அறிஞர் கூடும் அறிவில்லம் என்று எங்கு நின்றாலும் இது பிழைப்பு நடக்கும் ஊர் என்ற உணர்வு வருகிறது. அரபு ஒலியைத் தேர்ந்துகொண்டு ஆடினால் கூட்டத்தின் இரைச்சல் இன்னும் உயிர்பெறுகிறது. ஊரின் வரலாற்றைச் சொல்லும் குறிப்புகளை அருங்காட்சியகப் பொருள்களின் படங்களோடு ஆட்டத்துக்குள்ளேயே சேர்த்திருப்பதும் பொறுப்பான செயல்.

வரலாற்றறிஞர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். 812–813 முற்றுகையில் அந்த வட்ட நகரம் பெரும் சேதம் அடைந்தது. 836-இல் தலைநகரமே சாமர்ராவுக்குப் போய்விட்டது. 861-இல் அது இத்தனை பொலிவோடு நின்றிருக்காது. இந்தப் பிழையை நான் பொறுத்துக்கொள்கிறேன். அழிந்துபோன நகரத்தை ஒரே ஒரு முறை கட்டிக் காட்டும் வாய்ப்பு கிடைத்தவர், அதன் நல்ல நாளைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. பொறுக்க முடியாத பிழைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். புதரில் பதுங்குவது, கூட்டத்தோடு கலப்பது, கூரை விட்டுக் கூரை தாவுவது, புகைக்குண்டு வீசி நழுவுவது எல்லாம் துல்லியமாக அமைந்துள்ளன. பாசிமின் கழுகு மேலே பறந்து காவலரைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் சில இடங்களில் வில்லாளி அதை விரட்டுவான், அவனை முதலில் தீர்க்க வேண்டும். குற்றம் பெருகினால் தெருச்சுவரில் பாசிமின் படம் ஏறுகிறது, மக்கள் கைகாட்டிக் கத்துகிறார்கள். படத்தைக் கிழிக்கலாம், அல்லது முரசறைபவனுக்குக் கையூட்டுக் கொடுக்கலாம். ஊர் வாயை அடைக்க விலை உண்டு என்பதே விதியாவது நல்ல கற்பனை. இத்தனையும் செய்துவிட்டு, காலத்தை நிறுத்திப் பல காவலரைக் குறிவைத்து, ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் மாயமாகத் தாவிக் கொல்லும் ஒரு சக்தியைக் கொடுத்திருக்கிறார்கள். பொறுமையாகப் பாதை கண்டுபிடித்தவருக்கு இருந்த மதிப்பை அந்த ஒற்றைப் பொத்தான் குலைத்துவிடுகிறது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. ஒளிந்து அறிதல் பற்றி நம்மிடம் தெளிவான இலக்கணம் இருக்கிறது. திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடல், துறவி வேடத்தில் போய் அறிவதையும், அகப்பட்டாலும் வாய் திறவாமையையும் சொல்கிறது. அதற்கு மேலே போய், ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்கச் சொல்கிறது. செய்தி பொய்யாக இருக்கலாம் என்ற ஐயம்தான் அந்தத் தொழிலின் உயிர். ‘மிராஜ்’ ஒவ்வொரு கொலைக்கு முன்பும் துப்புத் தேட வைக்கிறது, துப்புகளைப் பலகையில் கோத்தும் காட்டுகிறது. ஆனால் அவற்றைக் கோப்பது கேமே, ஆடுபவர் அல்ல. ஆடுபவர் எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, தவறான ஆளைத் தேர்ந்துவிடுவோமோ என்ற பயமும் இல்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போனால் உண்மை தானாக வந்து சேரும். உளவறிதலின் தோற்றம் இருக்கிறது, உழைப்பு இல்லை.

மூன்றாவது, வரலாற்றின் காரணத்தையே மாற்றியது. (கதையை அறிய விரும்பாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.) கலீஃபா அல்-முத்தவக்கில் 861 டிசம்பரில் சாமர்ரா அரண்மனையில் தன் துருக்கியக் காவலராலேயே கொல்லப்பட்டார். படைவீரரின் அதிகாரம், பட்டத்துக்கு யார் என்ற தகராறு, இவை சேர்ந்து வெடித்த நிகழ்ச்சி அது. பத்தாண்டுக் குழப்பம் அதிலிருந்து பிறந்தது. கேமிலோ, திருட வந்த இடத்தில் பாசிமின் தோழி நேஹலின் கத்தியால் கலீஃபா சாகிறார். பின்னால் நடக்கும் எல்லாவற்றையும் ஒரு ரகசியக் கூட்டம் ஆட்டிவைக்கிறது. அந்தக் கூட்டத்தின் தலைமை, கலீஃபாவின் மகன் அல்-முத்தஸ்ஸைப் பெற்ற கபீஹாவிடம் போய்ச் சேர்கிறது. உண்மையான காரணம் நல்ல நாடகமாகவே இருக்கும்போது முகமூடிச் சங்கம் எதற்கு? ஒடுக்கப்பட்ட ஸஞ்சு மக்களின் கிளர்ச்சித் தலைவன் அலி இப்னு முஹம்மதும் கேமில் வருகிறான். பாஸ்ராவின் உவர்நிலத்தில் 869-இல் தொடங்கிப் பதினான்கு ஆண்டுகள் பேரரசை உலுக்கிய அந்த எழுச்சியின் நாயகனும் இங்கே ஒரு மிஷனுக்கு உதவும் கூட்டாளியாகச் சுருங்குகிறான்.

இதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியுமா என்றால், செய்திருக்கிறார்கள். செக் நாட்டின் வார்ஹார்ஸ் ஸ்டுடியோ 2018-இல் கொண்டுவந்த ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ்’ 1403-இன் பொகீமியாவில் நடக்கிறது. கொல்லன் மகன் ஹென்றி இரும்புக் கவசத்தோடு நடந்தால் சத்தம் காட்டிக்கொடுக்கும். இரவில் பந்தமில்லாமல் ஊருக்குள் போனால் காவலன் நிறுத்துவான். உடையில் இரத்தம் இருந்தால் எதிரே வருபவரின் பேச்சே மாறும். காலத்தின் சட்டமே ஆட்டத்தின் சட்டம். அதன் சண்டை முறை கரடுமுரடு, வெளியான புதிதில் தொழில்நுட்பக் கோளாறுகளும் மிகுதி. ஆனாலும் இடைக்காலத்தில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை ஆடுபவரின் கைக்கு உணர்த்துவதில் ‘மிராஜ்’ அதன் பக்கத்தில் வர முடியாது.

இந்த அளவுகோலோடு, இங்கே ஒரு கேம் நடந்தால் எப்படி இருக்கும் என்று மாமல்லபுரத்துக் குன்றில் ஏறிப் பாருங்கள். மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே உழக்கெண்ணெய் ஈசுவரர் கோயில் நிற்கிறது. ஒரு காலத்தில் கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்ட இடம். கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்காம் கால்வாய்ப் பக்கத்துத் தாழ்நிலமும் அங்கிருந்து தெரியும். வேவு பார்க்க இதைவிட நல்ல மேடை பாக்தாதில் இல்லை. கீழே வராகக் குகை: முன்னால் தூண்கள், உள்ளே கருவறை, பின்வழி கிடையாது. நிழல் ஒளிய உதவும், ஆனால் உள்ளே போனவன் வந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். ஆப்பு வைத்துப் பிளக்கத் துளையிட்டபடியே விட்டுப்போன பாறைகள், முடியாத வலையன்குட்டை இரதம், பிடாரி இரதங்கள் எல்லாம் வேலை நடந்துகொண்டிருந்த ஊரின் சாட்சிகள். பல்லவன் இராசசிம்மன் காலத்தில் கதையை வைத்தால், உளிச்சத்தம் எழும்போது காலடி கேட்காது, கல்தச்சர் கைநிறுத்தும் உச்சிவேளையில் கேட்கும். இன்றும் சிற்பக் கூடங்கள் வரிசையாக உள்ள சாலையில் நடப்பவர் இதைத் தானே சோதித்துப் பார்க்கலாம். விமானத்தின் மேல் கால் வைக்கக் கூடாது என்பதை ஆட்டத்தின் விதியாகவே ஆக்கலாம். அந்தத் தடை பாதைகளைக் கடினமாக்கும், ஆட்டமும் கூர்மையாகும். எந்தக் கோபுரத்திலும் ஏறிக் குதிக்கலாம் என்ற ‘அசாசின்ஸ் க்ரீட்’ வழக்கம் இங்கே வேண்டாம்.

நம் வாழ்க்கை விதிகளே ஆட்டத்தின் விதிகளாகும் என்பதற்குச் சான்று உண்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்ட ‘வெண்பா’ கிழிந்த சமையல் குறிப்பேட்டையும் இட்லிப் பானையையும் கொண்டே புதிர் அமைத்தது. அடுத்த ஆண்டு பாஃப்டாவின் அறிமுக விருதைப் பெற்றது. கதை நடக்கும் ஊருக்கும் இத்தகைய கேமால் பயன் உண்டு. 1274 மங்கோலியப் படையெடுப்பை வைத்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வின் ரசிகர்கள், அந்தத் தீவில் புயலில் விழுந்த கோயில் தோரணத்தை மீட்க நிதி திரட்டினார்கள். செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில், மகேந்திரவர்மனின் சிற்றரசன் மகன் கந்தசேனன் குடைந்த குகைக்கோயில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்கு வரும் கூட்டம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஒரு நல்ல கேம் அவர்களைத் திருப்பலாம்.

என் தீர்ப்பு இது. ‘மிராஜ்’ நகரத்தை எழுப்புவதில் முதல் தரம், ஒளிந்தாடுவதில் இரண்டாம் தரம், வரலாற்றைச் சொல்வதில் மூன்றாம் தரம். நகரத்துக்காக வாங்கி ஆடுங்கள். அந்த மாய சக்தியைத் தொடாமலே ஆடுங்கள், ஆட்டம் ஒரு படி உயரும். கடல்மல்லையை வைத்து கேம் செய்ய நினைக்கும் நம் இளைஞர்கள் ‘மிராஜ்’ தெருக்களை வரைந்த விதத்தைக் கற்றுக்கொள்ளட்டும், விதிகளை ‘கிங்டம் கம்’மிடம் கற்கட்டும், கதையின் காரணங்களைக் கல்வெட்டுகளிலிருந்து எடுக்கட்டும்.